தஃப் கற்பித்த நடை

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டுவிட்டது. வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டுவிட்டது. கணக்கு வாசிக்கப்பட்ட எந்தக் கூட்டத்திலும் முகங்கள் சற்றே இறுகிப் போவது இயல்பு. ஆகவே மனம் இலேசாகும்படி ஏதேனும் பேசுமாறு நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். இளமையில் நம் தட்டாஞ்சாவடியிலிருந்து தஃப் குழுவோடு ஊர் ஊராகச் சென்ற நினைவுகளைச் சொல்லலாம் என நாம் இசைந்தோம். நபி (ஸல்) அவர்கள் நகைச்சுவையாகப் பேசியதுண்டு. ஆனால் உண்மையையன்றி வேறெதையும் பேசியதில்லை. பிறரைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவரை அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். எனவே இங்கே கூறப்போகும் செய்திகளில் உப்பு உண்டு, கலப்படம் இல்லை.

தஃப் என்பது என்ன?

இன்றைய பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டியுள்ளது. வட்டமான மரச்சட்டம், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், மறுபக்கம் திறந்திருக்கும். இவ்வளவுதான் தஃப். நம் பகுதி பக்கீர்மார்கள் இவ்வகைக் கருவியைத் தாயிரா என்பார்கள். அதைத் தட்டியபடியே முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் குணங்குடி மஸ்தான் சாஹிபு அவர்களின் பாடல்களையும் வீதி வீதியாகக் கொண்டு சென்றவர்கள் அவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார்களுக்கு நபிமார்களின் வரலாறு அந்தத் தோல் ஓசையோடுதான் வந்து சேர்ந்தது. மலபார்க் கரையில் இது தஃப் முட்டு என்ற பெயரில் வளர்ந்து, கேரளப் பள்ளி மாணவர் கலைவிழாவில் போட்டிப் பிரிவாகவே இடம்பெற்றுள்ளது.

திருமணத்தை ஊரறியச் செய்யவும் பெருநாள் மகிழ்ச்சிக்காகவும் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தஃப் தட்டப்பட்டது. ருபைய்யிஉ (ரலி) அவர்களின் திருமணத்தின்போது சிறுமியர் தஃப் தட்டிப் பாட, நபி (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. சிறுமியரில் ஒருத்தி தம்மைப் பற்றி மிகைப்படுத்திப் பாடியபோது அதை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். தஃபை நிறுத்தச் சொல்லவில்லை.

எங்கள் குழு

1990-களின் பிற்பகுதியில் நம் மஹல்லாவில் ஒன்பது பேர் கொண்ட குழு இருந்தது. மத்ரஸா விடுமுறைகளிலும், சில வேளைகளில் அனுமதி பெற்றும் நாம் அதன் பின்வரிசையில் நின்றோம். தலைவரை அனைவரும் உஸ்தாத் என்று அழைப்போம். அவர் தையற்காரர். அரபி இலக்கணம் படித்தவர் அல்லர். பைத்துகள் யாவும் அவருக்குச் செவிவழிப் பாடம்.

குழுவில் மூச்சிரைப்பு உள்ள ஒரு பெரியவர் இருந்தார். பத்து அடி நடந்தால் ஒரு முறை நிற்பார். அவருடைய குரலோ பாகு போன்றது. உஸ்தாத் அவரை எப்போதும் முன்வரிசையின் நடுவில் நிறுத்துவார். முன்வரிசை இளைஞர்கள் இருவர் ஒருநாள் பொறுமையிழந்து, "உஸ்தாத், பெரியவரைப் பின்னால் நடக்க விட்டால் என்ன?" என்று கேட்டார்கள். உஸ்தாத் சொன்னார்: "தம்பிகளா, அவர் பின்னால் நடந்தால், அவர் விடுபட்டுப் போனதே நமக்குத் தெரியாது. அவர் முன்னால் நடந்தால் நம்மில் யாருமே விடுபட மாட்டோம்."

புதுச்சேரிக்காரர்கள் ஆகஸ்டு 15 அன்று கடற்கரைச் சாலையில் காவலர் அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முரசு முந்தும். கால்கள் அதற்குக் கீழ்ப்படியும். எங்கள் குழுவில் கால்கள் முந்தின. அதிலும் மிக மெதுவான காலுக்குத் தஃப் கீழ்ப்படிந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கேளுங்கள்.

சோதனைச் சாவடியில் ஒரு கச்சேரி

புதுச்சேரியில் பிறந்தவனுக்கு ஒரு சோதனை உண்டு. அவன் வாழ்நாளில் மதுவை முகர்ந்தும் பாராதவனாக இருக்கலாம்; எல்லையைத் தாண்டும்போது அவன் பையை முகர்ந்து பார்க்காமல் விடமாட்டார்கள். இங்கிருந்து காரைக்காலுக்குப் போவதென்றால் கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி எனத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மீண்டும் புதுச்சேரி மாநிலத்தில் வெளிப்பட வேண்டும்.

ஓர் இரவு எங்கள் வேன் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. தோல் பனியில் நனையாதிருக்க ஒன்பது தஃப்களையும் போர்வையில் சுற்றி மூட்டையாகக் கட்டியிருந்தோம். "என்ன பாய், மூட்டை கனமா இருக்கு?" என்றார் காவலர். "தஃப்" என்றார் உஸ்தாத். "டப்பாவா? டப்பாவில் என்ன இருக்கு?" என்றார் அவர். போர்வையை அவிழ்த்துக் காட்டினோம். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உள்ளே ஒன்றுமே இல்லையே!" என்று ஏமாற்றத்துடன் கூறினார். "உள்ளே ஒன்றும் இல்லாததால்தான் ஐயா சத்தம் வருகிறது" என்றார் உஸ்தாத்.

நம்பாத காவலர், வாசித்துக் காட்டும்படி கட்டளையிட்டார். நள்ளிரவில், சாலையோரத்தில், இரு பக்கமும் லாரிகள் வரிசையாய் நிற்க, நாங்கள் பைத் ஓதினோம். லாரி ஓட்டுநர்கள் இறங்கி வந்து வட்டமாய் நின்றார்கள். பின்னால் வந்த வண்டிகளெல்லாம், ஏதோ ஊர்த் திருவிழா போலும் என்று தாமாகவே நின்றன. ஒரு மணி நேரமாகச் சோதனைக்கு அகப்படாத வண்டிகள் அன்று எங்களால் அகப்பட்டன. புறப்படும்போது காவலர், "திரும்பி வரும்போதும் இந்தப் பக்கமாக வாருங்கள் பாய்" என்று வழியனுப்பினார்.

தோலும் நெருப்பும்

ஈரக்காற்றில் ஆட்டுத்தோல் தளர்ந்துவிடும். தளர்ந்த தஃப் பேசாது, முனகும். ஆகையால் வாசிக்கும் முன் நெருப்பருகே காட்டிச் சூடேற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காரைக்கால் பக்கம் சென்றால் எங்கள் முதல் தேடல் மாப்பிள்ளை அல்ல, அடுப்பு.

ஒரு திருமண வீட்டில் கொல்லையில் பிரியாணி தேக்சாவுக்குத் தம் போட்டு, மூடி மேல் கனல் பரப்பி, பண்டாரி காவலிருந்தார். தம் போட்ட தேக்சாவுக்கு அருகே பண்டாரி எவரையும் விடமாட்டார் என்பது நீங்கள் அறிந்ததே. உஸ்தாத் மிகப் பணிவாக அனுமதி கேட்டு, ஒவ்வொரு தஃபாகக் கனலுக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் வயதான தோல். சூடு பொறுக்காமல் வெடித்தது. அந்த ஓசையைக் கேட்ட பண்டாரி, தேக்சாதான் பிளந்ததென்று எண்ணித் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பந்தலில் இருந்தவர்கள் வேட்டுப் போடப்பட்டதாகக் கருதி, மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளையோ அப்போது குளித்துக்கொண்டிருந்தார். பண்டாரியைத் தேற்றுவதற்கு இரண்டு கோப்பைத் தேநீரும் ஒரு முழு பைத்தும் தேவைப்பட்டன.

ஒன்பதாவது ஆள்

காரைக்கால், நாகூர்ப் பகுதியில் விருந்து சஹனில் பரிமாறப்படும். பெரிய தட்டைச் சுற்றிப் பலர் கூடி அமர்ந்து உண்பார்கள். அன்று சஹனுக்கு நால்வர் என்று கணக்கு. நாங்களோ ஒன்பது பேர். இரண்டு சஹன் நிரம்பியபின் மீதமிருந்தவர் எங்கள் மூச்சிரைப்புப் பெரியவர். வீட்டு மூத்தவர் அவரைத் தம்முடன் தனிச் சஹனில் அமர்த்திக்கொண்டார். உண்பதிலும் பெரியவர் நடப்பதைப் போலத்தான். ஒரு கவளத்திற்கும் மறு கவளத்திற்கும் இடையே ஒரு சிறு பிரயாணம்.

உடன் உண்பவர் முடிக்கும் முன் கையெடுப்பது ஒழுக்கமல்ல என்பது அந்த வீட்டார் பேணிய முறை. வீட்டு மூத்தவர் கையெடுக்கவில்லை. அவர் எழாததால் பந்தியில் எவரும் எழவில்லை. அடுத்த பந்திக்கு வாசலில் கூட்டம் நிற்கிறது. உள்ளே முழுப் பந்தியும் வெறும் தட்டில் விரலால் கோலமிட்டுக்கொண்டிருக்கிறது. இறுதியில் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன, யாருக்கும் பசி இல்லையா?" என்று கேட்டார். பந்தி முழுவதும் சிரித்தது. ஆனால் ஒருவரும் அவரை விரைவுபடுத்தவில்லை. அந்த வீட்டின் பரக்கத்தை அன்று கண்ணால் கண்டோம்.

மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம்

பெரியவர் உடல்நலமின்றி வராத பயணம் ஒன்றுண்டு. அன்று மாப்பிள்ளை ஊர்வலத்தில் முன்வரிசை இளைஞர்கள் இருவருக்கும் இறக்கை முளைத்தது. தாளம் ஏறியது, தாளம் ஏற ஏற நடையும் ஏறியது. தெருமுனையில் அவர்கள் வலப்பக்கம் திரும்பினார்கள்; குழுவும் திரும்பியது. பெரிய பந்தல், வண்ண விளக்கு, வாசலில் பன்னீர்ச் செம்பு. உரிய வரவேற்பு கிடைத்தது. சர்பத்தும் வந்தது. பைத் உச்சத்தை எட்டியபோது வீட்டுக்காரர் உஸ்தாதின் காதருகே குனிந்து, "மாப்பிள்ளை எங்கே?" என்றார். திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் ஒரு தெருநாயைத் தவிர வேறெவரும் இல்லை. மாப்பிள்ளையும் சுற்றத்தாரும் இரண்டு தெருக்களுக்கு அப்பால், தஃப் ஓசை எங்கிருந்து வருகிறதென்று தேடிக்கொண்டிருந்தனர்.

அது வேறொரு திருமண வீடு. நல்லவேளையாக அவர்களுடைய மாப்பிள்ளையும் வந்து சேரவில்லை. "நாங்கள் தஃபுக்குச் சொல்லவே இல்லை, அல்லாஹ்வாக அனுப்பி வைத்தான்" என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். உஸ்தாத் அந்த இளைஞர்களைக் கடிந்துகொள்ளவில்லை. வேனில் ஏறும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பெரியவர் இருந்திருந்தால் மாப்பிள்ளை தொலைந்திருக்க மாட்டார்."

மாஹேயில் மொழிச் சிக்கல்

நம் மாநிலத்தின் மாஹே இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல், மலபார்க் கரையில் உள்ளது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற நிர்வாக உறவால் இங்குள்ள அரசு ஊழியர்கள் அங்கும், அங்குள்ளவர்கள் இங்கும் மாற்றலாவதுண்டு. அவ்வாறு சென்ற ஒரு குடும்பத்தின் திருமணத்திற்கு எங்கள் குழு அழைக்கப்பட்டது. உள்ளூர்த் தஃப் முட்டுக் குழுவும் வந்திருந்தது. இரு குழுவும் சேர்ந்து ஓதலாம் என்று முடிவாயிற்று. அரபி பைத் இருவருக்கும் பொது. சிக்கல் அதில் இல்லை.

எங்கள் இளைஞர்கள் வழக்கம்போல் தாளத்தை விரட்டினார்கள். மலையாளக் குழுவின் தலைவர் கையைத் தாழ்த்திக் காட்டி, "பதுக்கே, பதுக்கே" என்றார். மலையாளத்தில் அதற்கு மெதுவாக என்று பொருள். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது தமிழ்ப் 'பதுக்கு' மட்டுமே. அவர்களில் ஒருவர் சட்டென்று தஃபைச் சால்வைக்குள் மறைத்தார். தலைவர் திகைத்து, இன்னும் உரக்க, "பதுக்கே!" என்றார். மற்றவர் தஃபை முதுகுப்பின் ஒளித்துக்கொண்டார். தாளம் நின்றது. தஃபே இல்லாத தஃப் குழுவாக இருவரும் நின்ற நிற்பைக் கண்டு பந்தல் குலுங்கியது. பொருள் விளக்கப்பட்டபின் உஸ்தாத், "நம் பிள்ளைகளுக்கு இருபொருளும் பொருந்தும்; மெதுவாகத் தட்ட வராதவன் பதுக்கி வைப்பதே நல்லது" என்றார்.

மார்கழியும் ரமலானும்

வெளியூர்ப் பயணங்களைவிட இனிமையானது சொந்தத் தெருப் பயணம். 1998-ஆம் ஆண்டு ரமலான் பிறை டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பிறந்தது. அதாவது, மார்கழி தொடங்கிய சில நாட்களில். ஸஹருக்கு எழுப்ப நாங்கள் பின்னிரவு மூன்று மணிக்குப் புறப்படுவோம். திரும்பும் நேரத்தில் தட்டாஞ்சாவடித் தெருக்களில் கோலம் தொடங்கிவிடும். கோலத்தை மிதிக்கக் கூடாது என்பது உஸ்தாதின் கண்டிப்பான உத்தரவு. ஆகவே ஒன்பது பேரும் கையில் தாளம் தவறாமல், காலில் தாவித் தாவிச் செல்வோம். தெரு முழுவதும் அடைத்துப் போட்ட பெருங்கோலம் ஒன்றின் முன்னால் ஒருநாள் வழியே இல்லாமல் நின்றுவிட்டோம். கோலமிட்ட அம்மாள் சிரித்தபடி ஓரத்துப் பூவிதழ் ஒன்றை அழித்து வழிவிட்டு, நாங்கள் கடந்ததும் மீண்டும் போட்டுக்கொண்டார்.

மற்றொரு நாள் தெருமுனையில் மார்கழி பஜனைக் குழுவினர் எதிர்ப்பட்டனர். அவர்கள் கையில் ஜால்ரா; எங்கள் கையில் தஃப். மரியாதைக்காக இரு தரப்பும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். "நீங்கள் போங்கள்" என்றோம். "இல்லை பாய், நீங்கள் போங்கள்" என்றார்கள். எவரும் நகரவில்லை. தெருவில் அன்றைக்கு எழும்பியவர்களெல்லாம் அந்த அமைதியினால் எழும்பியவர்கள் என்றே சொல்ல வேண்டும். இன்னும் சத்தம் வரவில்லையே என்று கதவைத் திறந்து பார்த்தார்கள். பஜனைக் குழுவிலும் தடியூன்றிய முதியவர் ஒருவர் முன்னால் இருந்தார். எங்கள் பெரியவரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். ஒரே வேலையில் இருப்பவர்கள் அல்லவா!

பெருநாள் முடிந்த மறுநாள், தொழிற்பேட்டையில் காலைப் பணிக்குச் செல்லும் பிறமதச் சகோதரர் ஒருவர் பள்ளி வாசலில் உஸ்தாதை மறித்துக்கொண்டார். "ஒரு மாதமாக உங்கள் சத்தத்தை நம்பிக் கடிகாரத்தையே எடுத்து வைத்துவிட்டேன். நேற்று ஏன் வரவில்லை? வேலைக்குத் தாமதமாகிவிட்டது" என்றார். உஸ்தாத் அவருக்குப் பெருநாள் இனிப்பைக் கொடுத்து, அடுத்த ஆண்டு முன்கூட்டியே அறிவிப்பதாக வாக்களித்தார்.

உலகெங்கும் ஒரே ஓசை

இது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. துருக்கியில் பெருமுரசு தட்டி எழுப்புவார்கள். எகிப்திலும் சிரியாவிலும் முஸஹ்ஹராத்தி என்பவர் சிறு பறையோடு வீதி சுற்றுவார். காஷ்மீரில் ஸஹர்கான் பனியில் நடப்பார். கைப்பேசி வந்தபின் எல்லா நாடுகளிலும் இவர்கள் குறைந்து வருகிறார்கள். நாகூர் ஹனிபா அவர்கள் 2015-இல் மறைந்தபோது ஒரு தலைமுறையின் குரல் அடங்கியது. எனினும் ஓசை முற்றும் ஓய்ந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், பாதிக்கப்பட்ட ஆறு நாடுகளின் கரையோர மக்களின் இசையைத் திரட்டி, 2007-இல் 'லயா புராஜெக்ட்' என்ற ஆவணப்படம் வெளிவந்தது. அதில் நாகூர்ப் பாடகர்களும் இடம்பெற்று உலகோர் செவியை எட்டினார்கள்.

உஸ்தாத் சொன்னதும் ஹதீஸ் சொல்வதும்

உஸ்தாதும் பெரியவரும் இன்று நம்மோடு இல்லை. அல்லாஹ் அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. அவர்களோடு நடந்த சில ஆண்டுகளுக்குப் பின் மத்ரஸாவில் ஹதீஸ் பாடம் நடந்தபோது, அன்ஜஷா என்பவரின் செய்தி வந்தது. அவர் பாடிப் பாடி ஒட்டகங்களை ஓட்டுவார். பாட்டில் மயங்கிய ஒட்டகங்கள் விரைந்தன. மேலே பெண்கள் அமர்ந்திருந்தனர். நபி (ஸல்) அவர்கள் அப்பெண்களைக் கண்ணாடிக் குடுவைகளுக்கு ஒப்பிட்டு, மெதுவாக ஓட்டுமாறு பணித்தார்கள். பாட்டை நிறுத்தவில்லை, வேகத்தை நிறுத்தினார்கள். பின்னர் உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்களின் செய்தி வந்தது. தம் கூட்டத்திற்கு இமாமாக்கும்படி அவர் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் இசைந்து, அவர்களில் பலவீனமானவரைக் கவனத்தில் கொண்டு தொழுகை நடத்துமாறு அறிவுறுத்தினார்கள். வகுப்பில் மற்ற மாணவர்கள் விளக்கவுரையைப் புரட்டினார்கள். நமக்கோ விளக்கவுரை தேவைப்படவில்லை. மூச்சிரைத்தபடி முன்வரிசையின் நடுவில் நடந்துகொண்டிருந்தது.

சகோதரர்களே! இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். இனி இரண்டே செய்திகள், பொறுமையாகக் கேளுங்கள்.

ரமலானில் ஸஹர் தஃபை மீண்டும் தொடங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உள்ள தெருக்கள் இவை. பல சமயத்தாரும் சேர்ந்து வாழும் தெருக்கள். அவர்களிடம் கேட்டு, அவர்கள் மனம் ஒப்பும் இடத்தில், ஒப்பும் அளவில் தட்டுங்கள். இன்றும் பெருநாளன்று நம் வாசலுக்கு வரும் ஸஹர் பாவாவை யாசகரைப் போல் நிற்க வைக்காதீர்கள். அவர் ஒரு மாதம் நம் உறக்கத்தைக் காத்து, நம் நோன்பைக் காத்தவர். விருந்தாளியாக உள்ளே அழைத்து அமர்த்துங்கள்.

இரண்டாவது செய்தி நிர்வாகத்திற்கும் நம் அனைவருக்கும். சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியலை இனி பொதுக்கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்க வேண்டாம். பாக்கியைக் காரணம் காட்டி எந்த வீட்டுப் பெண்ணின் நிக்காஹ் கடிதமும் ஒரு நாள்கூடத் தாமதமாக வேண்டாம். அந்தத் தொகை ஜமாஅத்திற்குத் தேவைதான். கணக்கை எழுதும் சகோதரர்களின் சிரமமும் நமக்குத் தெரியும். வசதியிருந்தும் தராதவரிடம் தனியே சென்று பேசுவோம். வசதியில்லாதவர் கூச்சத்தால் ஜும்ஆவுக்கு வருவதையே குறைத்துக்கொள்ளும் நிலை வந்தால், நம் கணக்கு நேராகும். நம் வரிசை குலைந்துவிடும். பிந்தியவரைப் பட்டியலின் கடைசியில் எழுதினால், அவர் விடுபட்டதே நமக்குத் தெரியாது. அவர் நடைக்கு ஏற்ப ஜமாஅத் நடந்தால் நம்மில் யாரும் விடுபட மாட்டோம்.

ரப்புல் ஆலமீனாகிய அல்லாஹ் நம் ஜமாஅத்தின் வரிசைகளையும் உள்ளங்களையும் நேராக்கி வைப்பானாக. மெலிந்தவர்களின் கைகளைப் பற்றி நடக்கும் நற்பேற்றை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.